பத்து நிமிடம் ஸ்லோவில்

ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு மேல்நிலைப் பள்ளி. அதன் வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளர் வேலை பார்த்தவரை மாணவிகள் லேப் அக்கா என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் படகுத்துறையில் டீ விற்பவரும் அப்படியே கூப்பிட்டார், தபால்காரரும் அப்படியே கூப்பிட்டார். கடைசியில் கட்டிய கணவரே, வாக்குவாதத்தில் தோற்கும்போது மட்டும், "லேப் அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இழுத்துப் பேசப் பழகிவிட்டார்.

படித்தது பத்தாம் வகுப்பு வரை. வேலை என்றால் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவது, மறுநாள் பாடத்துக்கு மேசைகளைத் தயார்செய்வது. ஒரு சோதனையைக்கூட அவர் தன் பெயரில் செய்ததில்லை. ஆனால் பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் செய்யும் தப்புகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு சோதனை சரியாக வரவில்லை என்றால் பிள்ளைகள் பதற்றத்தில் அமிலத்தை மாற்றுவார்கள், குழாயை மாற்றுவார்கள், அளவையும் மாற்றுவார்கள். அப்போது லேப் அக்கா மெதுவாகப் பின்னால் வந்து நிற்பார். "ஒண்ணை மட்டும் மாத்துங்கம்மா. மத்ததுல கை வைக்காதீங்க." அவ்வளவுதான் சொல்வார். ஆசிரியை காதில் விழாமல் சொல்வார்.

கணவருக்குப் படகுதான் பிழைப்பு. பன்னிரண்டு பேர் உட்காரும் படகு. பின்னால் நாற்பது குதிரைத் திறனில் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார். காலையும் மாலையும் ஆற்றைக் கடக்கும் ஆசிரியர்களும் நர்சுகளும் கடைக்காரர்களும் அவரை நம்பித்தான் கடிகாரம் பார்த்தார்கள். புது மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் பேசுவது போல அவர் அந்த மோட்டாரைப் பற்றிப் பேசுவார்.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை விட்ட வாரத்தில் அந்த மாப்பிள்ளை முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. கயிற்றை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். வேகம் கொடுத்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். ஆனால் வேகத்தைக் குறைத்து ஸ்லோவில் வைத்தால் போதும், குளிர்க்காய்ச்சல் கண்டவன் போல நடுங்கும், இரண்டு முறை இருமும், அணைந்துபோகும். படகு ஸ்லோவில் போகவேண்டிய இடம் எது? படகுத்துறைக்கு முன்னால்தான். நடுஆற்றில் பறந்துவந்து வாசல்படியில் மயங்கிவிழும் விருந்தாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு திங்கட்கிழமை காலை, துறைக்குப் பத்தடி முன்னால் மோட்டார் அணைந்தது. நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய் மரத்தூணில் மோதியது. இறங்குவதற்கு எல்லோருக்கும் முந்தி எழுந்து நின்ற தபால்காரர் தண்ணீருக்குள் போய்விட்டார். இடுப்பளவு ஆழம்தான். பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கடிதம்கூட நனையவில்லை. ஆனால் மனிதர் நனைந்திருந்தார். அன்றே துறைமுக அலுவலகத்துக்குப் புகார் போனது. எழுதியவரும் அவர்தான், கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அடுத்த வியாழன் காலை ஆய்வாளர் வருவார். துறையில் கட்டிய படகில் மோட்டார் பத்து நிமிடம் கியர் போடாமல் ஸ்லோவில் ஓடவேண்டும், பிறகு ஐந்து நிமிடம் கியரில் ஓடவேண்டும். நடுவில் அணைந்தால் பயணிகளை ஏற்றும் அனுமதி ரத்து. அதுவரைக்கும் யாரையும் ஏற்றக்கூடாது.

கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாய் ஓயாமல் பேசுகிறவர் அன்று சாப்பாட்டின்போது ஒரு வார்த்தை பேசவில்லை. லேப் அக்காவுக்கு அந்தக் காகிதத்தைவிட இந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

மோட்டார் வைத்தியத்துக்குக் கணவரின் அண்ணன் இருந்தார். மூன்று தெரு தள்ளிப் பட்டறை வைத்திருந்தார். ஊரில் அவருக்குக் கார்பரேட்டர் மாமா என்று பெயர். தண்ணீர் பம்ப் ஓடவில்லையா, மரம் அறுக்கும் மெஷின் முனகுகிறதா, எதைக் கொண்டுபோனாலும் பார்ப்பதற்கு முன்பே "கார்பரேட்டர்ல அடைப்பு" என்பார். பத்தில் ஆறு தடவை அது சரியாகவும் இருக்கும். அதனால்தான் அந்தப் பழக்கம் போகவில்லை.

வீட்டின் பின்பக்கம் மோட்டாரை இரும்புச் சட்டத்தில் மாட்டி, அதன் கால் முழுகும்படி நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். மாமா வந்தார். மூடியைக் கழற்றவில்லை இன்னும்.

"கார்பரேட்டர்தான்" என்றார்.

இரண்டு கார்பரேட்டரையும் கழற்றிக் கழுவினார். பிளக்கை மாற்றினார். பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புது பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினார். ஸ்லோ திருகாணியையும் இரண்டு சுற்று ஏற்றி வைத்தார். மோட்டார் அணையாமல் ஓடியது. அரைமணி நேரம் எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு கணவர் கியரைத் தள்ளினார். உள்ளே யாரோ சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம்.

"அண்ணே, ஸ்லோவை இவ்ளோ ஏத்தி வச்சா கியர் உடைஞ்சிடும்ணே."

திருகாணியைப் பழைய இடத்துக்கு இறக்கினார்கள். நடுக்கமும் இருமலும் பழையபடி வந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் மாமா மூன்று தடவை கார்பரேட்டரைக் கழுவிவிட்டார். அவ்வளவு சுத்தமான கார்பரேட்டர் கடையில்கூட இருந்திருக்காது.

டீ டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்த லேப் அக்கா அங்கேயே நின்றார்.

"மாமா, நேத்திலேருந்து என்னென்ன மாத்தினீங்க?"

"எல்லாத்தையும் மாத்தியாச்சும்மா."

"எதை மாத்தினப்போ கொஞ்சம் நல்லா இருந்துச்சு?"

"அதெப்படிச் சொல்றது? எல்லாத்தையும் ஒண்ணாத்தானே மாத்தினேன்."

"அப்போ எதனால நல்லா ஆச்சு, எதனால கெட்டுதுன்னு எப்படி மாமா தெரியும்?"

மாமா டீயை உறிஞ்சினார். கணவருக்குத்தான் எரிச்சல் வந்தது. "ஏம்மா, இது உங்க பள்ளிக்கூடத்து டெஸ்ட் டியூப் இல்ல."

"தெரியுது. டெஸ்ட் டியூப் இவ்ளோ அழுக்கா இருந்தா நான் விட்டிருப்பேனா?"

மாமா புரையேறச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் லேப் அக்காவுக்கு இடம் கிடைத்தது. "சரிம்மா, நாளைக்கு நீயே வந்து பாரு. நான் திருகாணி கழட்டித் தர்றேன். நீ சொல்றதை மட்டும் செய்றேன்" என்றார். பாதி விளையாட்டாகச் சொன்னாரா, பாதி கைவிட்டுச் சொன்னாரா, அவருக்கே தெரியாது.

திங்கட்கிழமை காலை லேப் அக்கா ஒரு பழைய நோட்டுடன் வந்து உட்கார்ந்தார். முதல் வேலையாக மோட்டாரைத் துணியால் துடைத்தார். மாமா முகம் சுளித்தார். ஆனால் துடைக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. கார்பரேட்டர்களுக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் மறைப்பின் உள்பக்கம், கீழ்ப்பாதி மட்டும், எண்ணெய் பூசினாற்போல் ஈரமாக இருந்தது. மேல்பாதி காய்ந்திருந்தது. ஏன் என்று தெரியவில்லை. தெரியாததையும் நோட்டில் எழுதிவைத்தார்.

"இப்போ ஓடவிட்டு, ஒரு பிளக் வயரை மட்டும் கழட்டுங்க மாமா."

மாமா வெறும் கையை நீட்டினார். அடுத்த நொடி ஷாக் அடித்து ஓரடி பின்னால் துள்ளினார். கணவர் கைப்பிடியில் ரப்பர் போட்ட இடுக்கியை எடுத்துக் கொடுத்தார். மேல் சிலிண்டரின் வயரைக் கழற்றியதும் மோட்டார் செத்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து கீழ் சிலிண்டரின் வயரைக் கழற்றினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அதே நடுக்கம், அதே இருமல்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்லோவுல கீழ் சிலிண்டர் வேலையே செய்யல" என்றார் கணவர் மெதுவாக. "ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டிருக்கு."

இரண்டு நாளாக மோட்டார் முழுவதிலும் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது பாதி மோட்டாரில் தேடினால் போதும் என்று ஆனது. லேப் அக்கா அதைச் சொல்லிக்காட்டவில்லை. நோட்டில் ஒரு கோடு போட்டு, அதன் கீழே எழுதினார்.

அதற்குப் பிறகு எல்லாம் இடமாற்றம்தான். மேல் பிளக்கைக் கீழே, கீழ் பிளக்கை மேலே. நோய் கீழேயே இருந்தது. ஆகவே பிளக் இல்லை. தீப்பொறி கொடுக்கும் காயில்களை மாற்றி மாட்டினார்கள். நோய் நகரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கார்பரேட்டர்களின் உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையிட்ட ஜெட்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றினார்கள். அதற்கு மட்டும் மாமாவின் கை கொஞ்சம் தயங்கியது. மோட்டார் ஓடியது. கீழ் சிலிண்டர் அப்படியே கிடந்தது.

"அப்போ கார்பரேட்டர் இல்ல" என்றார் மாமா. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியத்தைச் சொன்னார் என்று கணவர் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார்கள், ஒன்றுபோல் இருந்தது. தீப்பொறி சரி, பெட்ரோல் சரி, அழுத்தம் சரி. ஆனாலும் வேலை செய்யவில்லை. மதியம் சாப்பிட்டு வந்த கணவர் டிரம்மின் ஓரத்தில் சாய்ந்துகொண்டார். "இன்னும் ஒருநாள்தான் இருக்கு. பேசாம வேற மோட்டார் யாருகிட்டயாவது இரவல் வாங்கிடலாமா?"

லேப் அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் எழுதிய அந்த ஈரம் இன்னும் கணக்கில் வராமல் நின்றது. எழுந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

மோட்டார் நடுங்கத் தொடங்கியதும் ஒரு துண்டை மேல் கார்பரேட்டரின் வாய்க்கு முன்னால் நான்கு விரல் தள்ளிப் பிடித்தார். தாள் காய்ந்தே இருந்தது. இன்னொரு துண்டைக் கீழ் கார்பரேட்டருக்கு முன்னால் பிடித்தார். எண்ணி ஐந்து நொடியில் தாளெல்லாம் புள்ளி புள்ளியாக நனைந்து, பெட்ரோல் வாசனையோடு தொங்கியது.

"இது உள்ள இழுக்கிற வாய்தானே மாமா? இது ஏன் வெளிய துப்புது?"

மாமா தாளை வாங்கி முகர்ந்தார். மூக்கருகே வைத்தபடியே நின்றார்.

லேப் அக்காவுக்குப் பள்ளியில் தினமும் கழுவும் ஒரு ரப்பர் பந்து ஞாபகம் வந்தது. குழாயில் திரவத்தை உறிஞ்சுவதற்கு அதை மாட்டுவார்கள். உள்ளே சின்னதாக ஒரு ஒருவழி அடைப்பு இருக்கும். அது விரிசல்விட்டால், பந்து உறிஞ்சியதையே திருப்பித் துப்பும். எத்தனை பிள்ளைகளின் சட்டையில் அது துப்பியிருக்கிறது!

"இதுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல, உள்ள விடும், வெளிய விடாதுங்கிற மாதிரி ஏதாச்சும் கதவு இருக்கா?"

"ரீட் வால்வு!" மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மெல்லிசா எஃகுத் தகடு இருக்கும்மா, இதழ் மாதிரி. உள்ள இழுக்கும்போது திறக்கும், அப்புறம் மூடிக்கும். அது சரியா மூடலன்னா... வேகமா ஓடுறப்போ தெரியாது, இழுக்குற இழுப்புல ஓடிடும். ஸ்லோவுலதான் பாதி திரும்பி வெளிய வந்துடும்."

இரண்டு கார்பரேட்டரையும் கழற்றி, அவற்றுக்குப் பின்னால் இருந்த, இதழ்கள் பொருத்திய ரீட் கட்டைகளை வெளியே எடுத்தார்கள். சிலிண்டருக்கு ஒன்று. மேல் கட்டையை லேப் அக்கா வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். இருட்டு. கீழ்க் கட்டையைத் தூக்கினார். இரண்டு இதழ்களுக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஒரு இதழின் மூலை உடைந்திருந்தது. வெட்டிப்போட்ட சுண்டுவிரல் நகம் அளவுதான் குறை. பக்கத்து இதழ் உட்காரவேண்டிய இடத்தில் உட்காராமல் லேசாக விறைத்து நின்றது.

"கண்டுபிடிச்சாச்சு" என்று கணவர் கத்தினார்.

"இருங்க" என்றார் லேப் அக்கா. "இடம் மாத்திப் பாத்துடலாம். கீழ உள்ளதை மேல போடுங்க."

"அதான் கண்ணுக்குத் தெரியுதே!"

"கண்ணுக்குத் தெரிஞ்சது போதாது. அதுதான் காரணம்னு அது வாயாலேயே சொல்லணும்."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்கள். கட்டைகளுக்கு இடையே வைக்கும் காகித வாஷர்கள் கழற்றியபோதே கிழிந்துவிட்டன. மாமாவிடம் இருந்த தாளில் பழையதை வைத்து வரைந்து, லேப் அக்கா நகம் வெட்டும் கத்தரிக்கோலால் புதிதாக வெட்டினார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை.

மோட்டார் ஓடியது. கீழ் வயரைக் கழற்றினார்கள், உடனே அணைந்தது. மேல் வயரைக் கழற்றினார்கள்; ஒன்றும் ஆகவில்லை.

"நோய் மாடி ஏறிடுச்சுடா!" என்று மாமா தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். கணவர் வலியில் நெளிந்துகொண்டே சிரித்தார். லேப் அக்கா சிரிக்கவில்லை. நோட்டில் எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டு, அப்புறம்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு பத்தொன்பது வருடச் சிரிப்பு என்று தோன்றியது கணவருக்கு. தன் பெயரில் அவர் செய்த முதல் சோதனை அதுதான்.

உடைந்த துண்டு உள்ளே எதையும் கீறவில்லையா என்று மாமா பிளக் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். "விழுங்கிச் செரிச்சிருக்கு. கெட்டிக்கார வயிறு" என்றார்.

ஆனால் புது ரீட் பெரிய நகரத்திலிருந்துதான் வரவேண்டும். தொலைபேசியில் கேட்டதற்கு மூன்று நாள் ஆகும் என்றார்கள். ஆய்வுக்கு இருந்ததோ ஒருநாள். கரை தெரிந்த பிறகு துடுப்பு உடைந்த கதையாக மூவரும் நின்றார்கள்.

மாமா எழுந்து போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளுவண்டியில் எதையோ சாக்கு போட்டு மூடிக்கொண்டு வந்தார். சாக்கை எடுத்ததும் கணவர் வாயைப் பிளந்தார். அதே ரகம் மோட்டார், மாமா முதன்முதலாகச் சொந்தமாக வாங்கியது. பிஸ்டன் உருகி எப்போதோ செத்துப்போனது. "ஒருநாள் ஓடவைப்பேன்" என்று பட்டறையின் மூலையில் வைத்துக்கொண்டு, ஒரு திருகாணியைக்கூட யாரையும் எடுக்கவிடாமல் காத்த மோட்டார்.

"அண்ணே, இதைப் போயா..."

"இது இனிமே ஓடாதுடா. எனக்கும் தெரியும்" என்றார் மாமா. லேப் அக்காவின் பக்கம் திரும்பினார். "எதைக் கழட்டணும்னு சொல்லும்மா."

செத்த மோட்டாரின் ரீட் கட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். வெளிச்சம் துளிகூடத் தெரியவில்லை. புதன்கிழமை மதியம் அது புது இடத்தில் உட்கார்ந்தது. மாமா ஸ்லோ திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாக இறக்கிக்கொண்டே போனார். மோட்டார் இறங்கி இறங்கி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும் அளவுக்கு வந்து, அப்படியே சீராக ஓடியது. நடுக்கம் இல்லை. டிரம்மில் தண்ணீர் மட்டும் சின்னச் சின்ன வளையமாக அசைந்தது. கணவர் கியரைத் தள்ளினார். 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவே.

வியாழன் காலை துறையில் திருவிழாக் கூட்டம் இல்லையே தவிர, அதற்குக் குறைவில்லை. ஒரு வாரமாக ஆறு மைல் சுற்றிப் பாலம் வழியாகப் போய்வந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தபால்காரர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு தூரமாக நின்றார். ஆய்வாளர் மெலிந்த மனிதர். யாரிடமும் பேசாமல் படகில் இறங்கி உட்கார்ந்து கையில் கடிகாரத்தை எடுத்தார்.

"ஆரம்பிங்க."

ஒரே இழுப்பில் மோட்டார் எழுந்தது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து. கரையில் பேச்சு தொடங்கிவிட்டது. யாரோ டீ கேட்டார்கள். ஏழாவது நிமிடத்தில் சத்தம் மாறியது. லேசாக ஒரு தடுமாற்றம். பிறகு இன்னொன்று. மாமாவின் உதடுகள் அசைந்தன, "கார்பரேட்..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார்.

லேப் அக்கா மோட்டாரைப் பார்க்கவில்லை. இப்போது என்ன மாறியிருக்கிறது? நேற்று டிரம்மில் அரைமணி நேரம் ஓடிய அதே மோட்டார். அதே ரீட், அதே பிளக். மாறியது டாங்கு மட்டும்தான். டிரம்மில் ஓட்டியபோது மாட்டியிருந்த மாமாவின் பட்டறை டாங்கு போய்ப் படகின் டாங்கு வந்திருந்தது. அவர் கண் பெட்ரோல் குழாய் வழியே போனது. கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் உள்வாங்கிச் சப்பையாகக் கிடந்தது. டாங்கு மூடியின் மேல் இருக்கும் காற்றுத் திருகாணி இறுக மூடியிருந்தது. பதற்றத்தில் கணவர் அதைத் திறக்க மறந்திருந்தார்.

ஒரே எட்டில் படகுக்குள் இறங்கி, அந்தத் திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றினார். டாங்கு 'ஸ்ஸ்' என்று மூச்சு வாங்கியது. குமிழை இரண்டு முறை அமுக்கினார். மோட்டார் கடைசியாக ஒரு முறை தடுமாறியது. பிறகு நிமிர்ந்தது.

ஆய்வாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "என்ன பண்ணீங்க?"

"காத்து விட்டேன் சார். டாங்குக்கு மூச்சு முட்டுச்சு."

"மோட்டார்ல கை வச்சீங்களா?"

"இல்ல சார். மோட்டார்ல ஒரு குறையும் இல்ல."

அந்த மனிதர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்தாமலே திரும்பி உட்கார்ந்தார். பத்து நிமிடம் முடிந்தது. கியரில் ஐந்து நிமிடமும் முடிந்தது. கயிறு இறுகி முனகியது, மோட்டார் முனகவில்லை. தாளில் கையெழுத்து போட்டுவிட்டு எழுந்தவர், மாமாவின் கிரீஸ் கையைப் பார்த்து, "நல்லா பாத்திருக்கீங்க. என்ன கோளாறு?" என்று கேட்டார்.

மாமா லேப் அக்காவைக் காட்டினார். "அவங்களைக் கேளுங்க சார். நான் திருகாணி கழட்டினவன்."

கரையில் எழுந்த கூச்சலில் ஆற்றோரக் கொக்குகள் பறந்துவிட்டன. தபால்காரரே முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தார்.

பள்ளி திறப்பதற்குள் லேப் அக்காவைத் தேடி நான்கு மோட்டார்கள் வந்தன. ஒன்றில் ஆயில் கலவை தப்பு, பத்து நிமிடத்தில் தெரிந்தது. இரண்டை மாமாவும் அவரும் சேர்ந்து சரிசெய்தார்கள். அவற்றில் ஒன்றில் உண்மையாகவே கார்பரேட்டர் அடைத்திருந்தது, மாமா அன்று முழுவதும் தரையில் கால் படாமல் நடந்தார். நான்காவது மோட்டாரின் கோளாறு என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. அதையும் அப்படியே நோட்டில் எழுதி, கீழே இடம் விட்டு வைத்திருக்கிறார்.

பள்ளி திறந்த நாள் காலையில் படகு நிறைய ஆட்கள். பத்தொன்பது வருடமாகப் பயணியாகவே போய்வந்தவர் வழக்கம்போல முன்பலகையில் உட்காரப் போனார்.

"அங்க எங்க போற?" என்றார் கணவர். "இங்க வா. பிடி." மோட்டாரின் கைப்பிடியை விட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"ஒண்ணை மட்டும் மாத்து. மத்ததை நான் பாத்துக்கறேன்."

முதலில் படகு கொஞ்சம் பாம்பு போல நெளிந்தது. பின்னால் யாரோ கிண்டல் செய்தார்கள், இன்னொருவர் அந்த ஆளை அதட்டினார். நடுஆற்றில் நேராகியது. அக்கரை நெருங்கியதும் லேப் அக்கா கைப்பிடியைத் திருப்பி வேகத்தைக் குறைத்தார். மோட்டார் தணிந்து, சீராக, மெதுவாக அடித்துக்கொண்டது. பள்ளிச் சீருடையில் துறையில் நின்ற பெண்கள் அவரை அடையாளம் கண்டு கத்தத் தொடங்கினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துறையிலேயே வைத்து, படகைக் கொண்டுபோய்த் தூணில் கட்டியிருந்த டயரில் பூப்போல ஒட்டவைத்தார்.